படியேறி வாருங்கள், அமரோனே பரண்மேல் இருக்கிறது!

ஒயின் தயாரிக்கும் இடத்துக்குப் போனால் முதலில் நிலவறைக்குத்தான் கூட்டிப்போவார்கள். வரிசையாகப் பீப்பாய்கள், மங்கிய விளக்கு, ஃபோட்டோ எடுக்க அருமையாக இருக்கும். இத்தாலியின் வல்போலிச்செல்லாவில் மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே மாடிப்படி ஏறுங்கள். வெரோனாவுக்கு வடக்கே இந்தக் குன்றுகளில் பிறக்கும் அமரோனே என்ற சிவப்பு ஒயினின் சூட்சுமமெல்லாம் ‘ஃப்ருத்தாயோ’ என்கிற பரணில்தான் இருக்கிறது.

போவதானால் அக்டோபரில் போக வேண்டும். கதவைத் திறந்தால், அடேயப்பா! கூரை வரை தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரே அடுக்காகக் கருநீலக் கொத்துகள். கொர்வீனா, கொர்வினோனே, ரோந்தினெல்லா என்று எல்லாம் உள்ளூர் ரகங்கள், கையால் பொறுக்கிப் பறித்தவை. நெருக்கியடித்துக் காய்த்த கொத்துக்கு இங்கே அனுமதி கிடையாது. பழங்களுக்கு நடுவே காற்று புகுந்து வர வேண்டுமே! ஒரு பழம் வெடித்துக் கசிந்தாலும் போச்சு, பூஞ்சை பக்கத்துப் பழத்துக்குத் தாவிவிடும்.

நாம் வத்தல் போடுவது மாதிரி வெயிலில் காயவைக்கிற பேச்சே இல்லை. முழுக்க நிழல் காய்ச்சல்தான். உலர்ந்த காற்று வீசினால் ஜன்னலைத் திறக்கிறார்கள், மூடுபனி இறங்கினால் சாத்துகிறார்கள். ஈரம் கூடினால் மின்விசிறி ஓடும். இப்படியே 100 நாள், 120 நாள்! எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். தோல் சுருங்கச் சுருங்க உள்ளே இனிப்பும் மணமும் திரள்கின்றன. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் டிசம்பர் பிறக்கும் முன் பிழியக் கூடாது என்பது பொது விதி.

பழைய பரண்களில் ‘ஆரெலே’ என்ற நாணல் தட்டிகள் இன்னும் இருக்கின்றன. தொட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள். ஒரு காலத்தில் வசந்தத்தில் இதே தட்டிகளில் பட்டுப்புழு வளர்த்தார்கள். புழு காலி செய்த இடத்தில் இலையுதிர்காலத்தில் திராட்சை குடியேறும்! இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்துவிட்டன. சுத்தத்துக்கு அதுவே நல்லது. ஆனாலும் என் மனசு தட்டியின் பக்கம்தான்.

இந்த வட்டாரத்து உலர்திராட்சை ஒயினைப் புகழ்ந்து, அரச விருந்துக்கு வரவழைக்க 6-ஆம் நூற்றாண்டிலேயே கஸ்ஸியோதோருஸ் என்ற அமைச்சர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த வழியில் வந்த இனிப்பு ஒயின் ரெச்சோத்தோ. பழச் சர்க்கரையை ஈஸ்ட் முழுசாகத் தின்று தீர்க்கும் முன் நொதித்தலை நிறுத்தினால் ரெச்சோத்தோ, தின்னவிட்டால் அமரோனே. நெக்ரார் கூட்டுறவு ஒயினகத்தில் 1936-இல் மறந்துபோன ஒரு ரெச்சோத்தோ பீப்பாய் தானாகவே இப்படி மாறிக் கிடந்ததாம்! ஊரே ஆசையாகச் சொல்லும் கதை.

ஜனவரிக் குளிரில் நொதித்தல் ஆமை வேகத்தில் நடக்கும். ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம் இருக்க வேண்டும், பிறகு இரண்டு வருடமாவது முதிர வேண்டும். அதுவரை சும்மா இருப்பார்களா? பிழிந்த சக்கையின் மேல் சாதா வல்போலிச்செல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்கவிடுகிறார்கள். அதற்கு ரிப்பாஸோ என்று பெயர். சக்கைக்கே இந்த மவுசு!