மீன் தீவனத்தில் தாவரச் சேர்ப்புகள்: சப்போனினின் அளவும் விளைவும்

திறவுச்சொற்கள்: மீன் வளர்ப்பு, தாவரத் தீவனச் சேர்ப்பு, சப்போனின், இயல்பு நோயெதிர்ப்பு, இலுப்பைப் பிண்ணாக்கு

முன்னுரை

வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளைத் தொடர்ந்து கலக்கும் வழக்கம், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருகவும் மீனின் தசையில் மருந்து எச்சம் தங்கவும் இடமளித்தது. வளர்ச்சியூக்கிகளாக இம்மருந்துகளை விலங்குத் தீவனங்களில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி முதல் தடை செய்தது. மாற்றாகப் பூண்டு, மஞ்சள், வேம்பு, முருங்கை முதலிய தாவரங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. ஆனால், தாவரத்திலிருந்து வருவது தீங்கற்றது என்னும் எண்ணம் இத்துறையில் எளிதாக ஏற்கப்பட்டுவிடுகிறது. பல தாவரங்களில் காணப்படும் சப்போனின் என்னும் ஒரு சேர்மத்தைக் கொண்டே அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

நீரில் நஞ்சாதல்

இலுப்பை விதையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு சப்போனின் உள்ளது. கெண்டைக் குஞ்சுகளை இருப்புச் செய்வதற்கு முன் விரால், கெளுத்தி போன்ற கொன்றுண்ணும் மீன்களை ஒழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஹெக்டேருக்கு 2,500 கிலோ வீதம் இப்பிண்ணாக்கு இடப்படுகிறது. சப்போனின் மூலக்கூறின் ஒரு பகுதி கொழுப்பை நாடும். மற்றொரு பகுதியாகிய சர்க்கரைத் தொடர் நீரை நாடும். இதனால் அது செல்சவ்விலுள்ள கொலஸ்டிராலுடன் பிணைந்து சவ்வைத் துளையிடுகிறது. செவுள் சிதைகிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன. சிவப்பணு இல்லாத இறால் இதனைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும். இறால் குளங்களில் மீன்களை மட்டும் அழிக்கத் தேயிலை விதைப் பிண்ணாக்கு பயன்படுவது இவ்வேறுபாட்டினால்தான். சில வாரங்களில் நஞ்சு சிதைந்தபின் இலுப்பைப் பிண்ணாக்கு அதே குளத்திற்கு உரமாகிறது.

தீவனத்தில் பயனாதல்

சவ்வைத் துளைக்கும் அதே பண்பு, மிகக் குறைந்த அளவில், குடற்சுவரின் ஊடுருவுதன்மையைச் சற்றே உயர்த்தி ஊட்டப்பொருள்கள் உட்கவரப்பட உதவக்கூடும் எனக் கருதப்படுகிறது. ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கில்லஜா மரத்தின் சப்போனினைக் கிலோ தீவனத்திற்கு 150 மில்லிகிராம் அளவில் சேர்த்தபோது சாதாக் கெண்டையின் வளர்ச்சி மேம்பட்டதைக் கண்டனர். தடுப்பூசிகளில் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளாகவும் இம்மரத்தின் சப்போனின் பயன்படுகிறது. மீன்கள் பாலூட்டிகளைவிட இயல்பு நோயெதிர்ப்பையே பெரிதும் சார்ந்திருப்பதால், லைசோசைம் செயல்பாடு, விழுங்கணுக்களின் திறன் ஆகியவற்றில் தாவரச் சேர்ப்பு உண்டாக்கும் மாற்றத்தை ஆய்வாளர்கள் முதன்மையாக அளக்கின்றனர். எனினும் குருதியில் லைசோசைம் உயர்வதை மட்டும் கொண்டு மீன் நோயிலிருந்து காக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது. ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா போன்ற நோய்க்கிருமியைச் செலுத்திப் பிழைப்பு விகிதத்தைக் கண்டறிந்த பின்னரே அம்முடிவு வலுப்பெறும்.

அளவு மிகும்போது குடலே புண்படுகிறது. மீன்தூளுக்கு மாற்றாகச் சோயாத் தூள் மிகுதியாகச் சேர்த்த தீவனத்தை உண்ட அட்லாண்டிக் சால்மனின் பின்குடலில் அழற்சி தோன்றுவதும், அதில் சோயாச் சப்போனினுக்குப் பங்குண்டு என்பதும் ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளன.

அளவீட்டுச் சிக்கல்

இந்நிலையில் 'இரண்டு விழுக்காடு இலைத்தூள்' என்று மட்டும் பதிவு செய்வது போதுமானதன்று. இலையின் முதிர்ச்சி, மண், பருவம், உலர்த்தும் முறை ஆகியவற்றுக்கேற்ப அத்தூளின் சப்போனின் அளவு மாறும். அதனை அளந்து குறிப்பிடாத ஆய்வை மற்றொருவர் மீளச் செய்து பார்க்க இயலாது. பண்ணையாளரும் நம்பிப் பின்பற்ற முடியாது. பரிந்துரை ஒன்றே ஆயினும், ஒருவர் குளத்தில் பயனளிப்பது மற்றொருவர் குளத்தில் குடற்புண்ணாக முடியலாம். இழப்பை ஏற்பவர் ஆய்வாளர் அல்லர். தீவன உருண்டை நீரில் ஊறும்போது கரைந்து வெளியேறும் பங்கும் கணக்கிடப்பட வேண்டும். அப்பங்கு மீனின் குடலை எட்டுவதில்லை. குறைந்த நீருள்ள ஆய்வகத் தொட்டியில் அது செவுளைத் தாக்கி, தீவனத்தின் விளைவு இன்னதென்று பிரித்தறிய முடியாதபடி செய்துவிடும்.