மறைந்தும் மறையாத படம்

சொற்செயலியில் உருவாகும் ஆவணத்தில் 3000 படப்புள்ளி அகலமுள்ள ஒளிப்படத்தைச் சேர்த்து, மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால், பக்கத்தில் அது அடைக்கும் இடமே குறைகிறது. இழுத்ததனால் மட்டும் படப்புள்ளிகள் குறைவதில்லை. பக்கவாட்டுப் பிடியை இழுத்தாலோ முகமே நசுங்கிவிடும்.

இதனினும் கவனிக்கத்தக்கது வெட்டுதல். அடையாள அட்டைப் படத்தில் எண் உள்ள பகுதியை மைக்ரோசாஃப்ட் வேர்டில் வெட்டினால், அது கண்ணுக்குத்தான் மறைகிறது. கோப்பைப் பெறுபவர் வெட்டிய எல்லையை மீண்டும் விரித்து எண்ணைப் படித்துவிடலாம். படங்களைச் சுருக்கும் கட்டளையில், வெட்டிய பகுதிகளை நீக்கும் தேர்வைக் குறியிட்டுச் சேமித்த பின்னரே அப்பகுதி கோப்பைவிட்டு நீங்கும். பின்னர் அதனை மீட்க இயலாது. ஆதலால் மூலப்படம் தனியே இருத்தல் வேண்டும்.