மாடி வீட்டில் ஒரு கடல்

ஹெவ்லொக் டவுனிலிருந்து கடல் தொலைவில் இல்லை. வெள்ளவத்தைப் பக்கமாக நடந்து காலி வீதியைத் தாண்டினால் புகையிரதப் பாதை, அதற்கப்பால் அலை. இவ்வளவு அருகிற் கடல் இருக்க, அதில் ஒரு துண்டை மாடி வீட்டுக் கூடத்திற் கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்து வைக்கத்தான் வேண்டுமா என்று என்னிடம் கேட்டவர் பலர். அது அவரவர் விருப்பம். ஆனால் வைப்பதாயின் அது உயிரோடு இருத்தல் வேண்டும். அதற்கு வழி என்ன, இயந்திரங்களை எம்மட்டுக்கு நம்பலாம் என்பனவே இன்றைய பேச்சு.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய நேயர்கள் பலர் இருப்பீர்கள். குளத்து மீன் மாரியையும் கோடையையும் கண்டு பழகியது. முருகைக்கல்லைக் கட்டும் சிற்றுயிரோ அத்தகையதன்று. ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு, 26 பாகையை ஒட்டிய வெப்பம். இவற்றிலிருந்து அது அதிகம் விலகமாட்டாது. அதன் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து உணவு ஆக்கிக் கொடுக்கின்றன. நீர் வழக்கத்திலும் ஓரிரு பாகை மிகுந்து சில வாரங்கள் நின்றால் அந்த உறவு முறிந்து, உயிர் வெளிறிவிடும். 1998ஆம் ஆண்டிற் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் பெரும்பாலும் இவ்வாறே மடிந்தன. பெருங்கடலிலேயே இப்படியென்றால் 200 லீற்றர்த் தொட்டியில் எவ்வளவு விரைவில் நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடல்நீரை வெள்ளவத்தைக் கரையில் வாளியால் மொண்டு வரலாமே என்பர். அங்கேதான் கால்வாய் கடலில் விழுகிறது. நகரத்தின் அழுக்கும் அதனோடு வருகிறது. ஆகவே குழாய்நீரை வடித்துக் குளோரீனை அகற்றி, இதற்கென விற்கும் கடலுப்பைக் கரைப்பதே நன்று. 200 லீற்றருக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். சமையலுப்பு உதவாது, அதிற் கல்சியமும் மகனீசியமும் வேண்டிய அளவில் இல்லை.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எமது கடலிலிருந்து முருகைக்கல்லைப் பெயர்த்தெடுத்தல் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் நியாயமானது என்பதும் என் கருத்து. சீமெந்தும் மணலும் கலந்து வார்த்த கல் போதும். ஆனால் பல வாரங்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்துச் சீமெந்தின் காரம் நீங்கிய பின்பே அதனை இடவேண்டும். உயிர்களைத் தொட்டியிலே பெருக்கி விற்பவரிடம் வாங்குக. தொடக்கத்தில் மென்முருகைகளே போதும்.

1961ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தாம் கடல்மீன் வளர்த்த முறையை எழுதி வெளியிட்டார். உயிருள்ள கல், வெயில், மெல்லிய காற்றுக் குமிழிகள் இவையே அவருடைய கருவிகள். நீரைத் தூய்மை செய்தது கல்லிற் குடியிருந்த உயிர்கள்தாம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின்பு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இப்பற்றீரியாக்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரமாகும். அதுவரை மீன் விடலாகாது. பொறுமையின்மையாற் செத்த மீன்களே அதிகம்.

இனி இயந்திரங்கள். விளக்கை ஏற்றி அணைக்க நேரம் பார்த்து இயங்கும் ஆளி ஒன்று போதும். வெப்பத்துக்கு நம் ஊரில் முதலில் வேண்டியது நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு மின்விசிறி. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது, வெளியிலிருந்து வெப்பம் புகாதிருந்தால், 200 லீற்றர் நீரை ஏறக்குறைய மூன்று பாகை குளிர்விக்கத்தக்க வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் காற்று ஈரமாயிருக்கும் நாட்களில் விசிறியின் பலன் குறையும். அப்போது குளிரூட்டும் இயந்திரம் தேவைப்படலாம்.

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு நான்கு லீற்றர் குறைந்து பத்து நாள் கவனியாதிருந்தால், 35 பங்கு உப்பு 44 பங்கை எட்டும். ஆகவே குறைந்த நன்னீரைத் தானே ஊற்றும் அமைப்பை வைப்பர். நீர் தாழ்ந்தால் மிதப்பு ஆளி பம்பியை இயக்கும், உயர்ந்தால் நிறுத்தும். மிகவும் பயனுள்ளது. எனக்குப் பெரும் நட்டம் தந்ததும் இதுவே.

அடிக்கடி நிரப்பும் வேலையை மிச்சம் பிடிக்க எண்ணி, 60 லீற்றர்ப் பீப்பாவை அதற்கு இணைத்தேன். ஒரு சிறு நத்தை மிதப்பின் அடியிற் போய் ஒட்டிக்கொண்டது. பம்பி இரவு முழுதும் ஓடிற்று. "தம்பி, எங்கட வீட்டுக்குள்ள மழை பெய்யுது" என்று கீழ்வீட்டு அம்மா விடியற்காலையிற் கதவைத் தட்டியபோதுதான் விழித்தேன். உப்பு 26 பங்களவுக்கு இறங்கியிருந்தது. மென்முருகைகள் சுருங்கிப் பின்பு தேறின. பாறையிடுக்கில் வாழ்ந்த நொய்விண்மீன் தேறவில்லை. இப்போது என் வாளி பத்து லீற்றர். அது முழுதும் கொட்டினாலும் உப்பு 33க்குக் கீழே போகாது. நாளும் பார்த்து நிரப்புவது சிறு தொல்லைதான். ஆயினும் அதனால் நாளும் தொட்டியைப் பார்க்கிறேன். கல்சியம் ஊற்றும் பம்பிகள் முதலாண்டில் வேண்டா. வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றினாற் போதும்.

எல்லா இயந்திரங்களும் ஒருங்கே நிற்கும் வேளையும் உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் முதலில் எதிர்ப்படும் ஆபத்து வெப்பமன்று, ஒட்சிசன் குறைதலே. அசையாத வெந்நீர் காற்றை நன்கு ஏற்காது. விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் கருவி வாங்குமுன், மின்சாரம் நின்றவுடன் தானே இயங்கும் பற்றரிக் காற்றுப் பம்பி ஒன்றை வாங்குங்கள். மின்வெட்டு நேரத்தில் மீனுக்கு உணவிடாதீர்கள்.

மேலே கண்ணாடித்தொட்டியும் கீழே வடிகட்டும் தொட்டியும் வைத்தவர்களுக்கு மற்றொன்று. பம்பி நின்றதும் மேல்நீர், தான் ஏறிவந்த குழாய் வழியே திரும்ப இறங்கும். அக்குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இட்டால், மட்டம் தாழ்ந்ததும் காற்றுப் புகுந்து ஒழுக்கு நிற்கும். துளையைப் பாசி அடைக்கும். மாதம் ஒருமுறை ஊசியாற் குத்திவிடுங்கள்.

முதல் மீனை விடுமுன் ஒரு மாலை, நீங்களே பிரதான ஆளியை மூடிவிட்டு ஒரு மணிநேரம் தொட்டியருகே அமர்ந்திருங்கள். கீழ்த்தொட்டி நிரம்பி வழிகிறதா, காற்றுப் பம்பி இயங்கிற்றா என்று பாருங்கள். பின்பு ஆளியைத் திறந்து, ஒவ்வொரு பம்பியும் தானே மீண்டும் புறப்படுகிறதா என்றும் பாருங்கள். சில பம்பிகள் புறப்படுவதில்லை.