கடற்கரை நகருக்கு வருவோர்க்கு

சென்னைக்கு முதன்முறை வருகின்ற வெளியூர் அன்பரை நோக்கி, "இந்நகரில் எதைக் காண விரும்புகிறீர்கள்?" என்று வினவினால், பெரும்பாலோர் "கடல்" என்றே விடையளிப்பர். அவ்விருப்பம் இயல்பானதே. சேலத்திலோ தருமபுரியிலோ வாழும் ஒருவர் மலையைக் கண்டிருப்பார், ஆற்றைக் கண்டிருப்பார், ஏரியில் நீந்தியும் பழகியிருப்பார். மறுகரை தெரியாத நீர்ப்பரப்பை மட்டும் அவர் கண்டிரார். ஆகவே, இரயிலைவிட்டு இறங்கியதும் கால்கள் கடலை நாடுகின்றன. ஆயினும், கடலின் இயல்பை அறியாது அதனை அணுகுவோர் துன்புறுகின்றனர். சிலர் உயிரையும் இழக்கின்றனர். கடற்கரையைக் கண்டு மகிழ்ந்து நலத்துடன் ஊர் திரும்ப வேண்டுவோர்க்குப் பயன்படும் சில செய்திகளை இங்கே கூற விழைகின்றேன்.

முதலாவது, வரும் பருவத்தைப் பற்றியது. சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் அமைந்த வெப்பமண்டல நகரம். மே மாதத்தில் இங்கே வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதும் உண்டு. காற்றிலுள்ள ஈரம் வியர்வையை எளிதில் உலரவிடாது; அதனால் வெம்மை மிகுந்து தோன்றும். ஆண்டுதோறும் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. புயல்கள் மிகுதியும் கரையை நெருங்கும் காலமும் அதுவே. எனவே, ஓய்வாகக் கண்டு களிக்க எண்ணுவோர்க்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை. பள்ளி விடுமுறையை முன்னிட்டுக் கோடையில்தான் வர இயலும் என்போர், நாளின் பொழுதை அறிந்து நடந்துகொண்டால் போதும்.

அப்பொழுது எது? சென்னை கீழைக் கடற்கரை நகரம். இங்கே கதிரவன் கடலில் எழுவான், கடலில் மறையமாட்டான். மாலையில் சென்று கதிரவன் நீரில் மூழ்குவதைக் காணக் காத்திருப்போர் ஏமாற்றம் அடைவர். வைகறையில் எழுந்து செல்வோர்க்கோ பெருங்காட்சி காத்திருக்கின்றது. காலை பத்து மணி முதல் நான்கு மணி வரையில் மணற்பரப்பைத் தவிர்ப்பது நன்று. வெறுங்காலுடன் நடக்கும் குழந்தைகளின் பாதங்களை அம்மணல் கொப்புளிக்கச் செய்துவிடும்.

மாலையில் மக்கள் கடற்கரையில் திரள்வதற்கு ஒரு காரணம் உண்டு. பகலில் நிலம் விரைந்து சூடேறுகின்றது. கடல் நீரோ மெல்லவே சூடேறுகின்றது. நிலத்தின் மேலுள்ள காற்று வெம்மையால் இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வந்து புகுகின்றது. இதுவே கடற்காற்று. கோடையில் இது நண்பகலையொட்டி வீசத் தொடங்கினால் நகரம் பிழைத்தது. மேற்கிலிருந்து வரும் அனற்காற்று வலுத்துள்ள நாள்களில் இது காலந்தாழ்த்தே வரும். அத்தகைய நாளில் முதியோரையும் குழந்தைகளையும் பகலில் வெளியே அழைத்துச் செல்லாதிருப்பதே அறிவுடைமை. மோரோ இளநீரோ அடிக்கடி பருகுக. தாகம் எடுத்தபின் பருகலாம் என்று காத்திருத்தல் வேண்டா.

இனி, செல்லும் வழியைப் பற்றி ஒரு சொல். "சென்னைக் கடற்கரை" என்னும் பெயர் பூண்ட இரயில் நிலையம் ஒன்று உண்டு. பெயரை நம்பி அங்கே இறங்குவோர் மணலையும் அலையையும் காணார். துறைமுகத்தையும் பழைய வணிக மாளிகைகளையுமே காண்பர். மெரினாவிற்குச் செல்ல விரும்புவோர், அங்கிருந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் பறக்கும் இரயிலில் ஏறிச் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய நிலையங்களுள் ஒன்றில் இறங்கிக் கிழக்கே சிறிது தொலைவு நடத்தல் வேண்டும்.

நடந்து சென்றதும் சாலையிலிருந்து அலை இருக்குமிடம் வெகு தொலைவாகத் தோன்றும். இவ்வளவு அகன்ற மணல் எங்கிருந்து வந்தது? 1875-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடல் மணலைச் சுமந்து செல்லும் இயல்புடையது. துறைமுகச் சுவர்கள் அம்மணலைத் தடுத்து நிறுத்தவே, தெற்கே மணல் மேடிட்டது. மணல் வரவு குறைந்த வடக்கே, இராயபுரத்திற்கு அப்பால், கடல் கரையை அரித்தது. மெரினா என்னும் பெயரைச் சூட்டி, 1884-ஆம் ஆண்டில் இங்கே உலாவும் சாலையை அமைத்தவர் அன்றைய ஆளுநர் கிராண்ட் டஃப். நாம் மகிழ்ந்து அமரும் மணலில் ஒரு பகுதி வடகரை மக்கள் இழந்த நிலத்தின் மறுபக்கம் என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

இப்பொழுது தலையாய செய்திக்கு வருவோம். மெரினாவில் கடலில் இறங்கிக் குளிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. அறிவிப்புப் பலகைகளைக் கண்டும், "எனக்கு நீந்தத் தெரியும்" என்று இறங்கும் இளைஞர் பலர். ஏரியிலும் கிணற்றிலும் பழகிய நீச்சல் இங்கே ஏன் உதவுவதில்லை?

அலைகள் ஓயாது நீரைக் கரைக்குக் கொணர்ந்து சேர்க்கின்றன. சேர்ந்த நீர் திரும்பியாக வேண்டுமன்றோ? கரைக்கு அருகே நீருக்கடியில் மணல்திட்டுகள் உள்ளன. அத்திட்டுகளின் இடையே தாழ்ந்த வழி ஒன்று அமைந்துவிட்டால், திரும்பும் நீர் முழுதும் அவ்வழியே திரண்டு, ஆறு போலக் கடலை நோக்கிப் பாய்கின்றது. இதனை இழுவை நீரோட்டம் எனலாம். இதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டர் வரை செல்லும். தேர்ந்த நீச்சல் வீரரும் இதனை எதிர்த்து முன்னேறுதல் அரிது.

இந்நீரோட்டம் ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை. கடலுக்குள் இழுத்துச் செல்கின்றது. அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்த முயல்கின்றார், கைகால் ஓய்கின்றார், ஓய்ந்தபின் மூழ்குகின்றார். அவர் உயிரைக் கவர்வது பெரும்பாலும் அவரது களைப்பும் அச்சமுமே. இன்னொன்றும் அறிதல் வேண்டும். இருபுறமும் அலைகள் வெண்ணுரையுடன் உடைய, நடுவே ஓரிடம் மட்டும் அலையின்றி அமைதியாகத் தோன்றும். புதியவர், "இவ்விடமே பாதுகாப்பானது" என்று கருதி அங்கே இறங்குவார். பெரும்பாலும் அதுவே நீர் உள்ளிழுக்கும் வாயில்!

தவறி அகப்பட்டவர் செய்ய வேண்டியது யாது? முதலில், மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்துக்கொள்ளல் வேண்டும். கையை உயர்த்தி உதவி கோரல் வேண்டும். நீந்த வல்லவர் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துக. இழுவை நீரோட்டம் பெரும்பாலும் குறுகியது. அதன் விளிம்பைக் கடந்துவிட்டால், அலைகளே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க உதவும்.

கரையில் நிற்போர்க்கும் கடமை உண்டு. நண்பர் தத்தளிப்பதைக் கண்டவுடன் ஒருவர்பின் ஒருவராகப் பாய்ந்து, காக்கச் சென்றவரும் மாள்வது அடிக்கடி நிகழும் துயரம். பாயாதீர்கள். உடனே காவலரையும் மீனவரையும் கூவி அழையுங்கள்; 112 என்ற எண்ணுக்கோ 108 என்ற எண்ணுக்கோ தொலைபேசியில் தெரிவியுங்கள்; கயிறு, காற்றடைத்த குழாய், மூடிய வெற்றுத் தகரக்குடுவை என மிதப்பது எதுவாயினும் எறியுங்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிற நினைவு மண்டபம் ஒன்று நிற்கின்றது. அதனருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வோர் பலர். அதன் வரலாற்றை அறிந்தோர் சிலர். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், அவ்விடத்தருகே பிறரது உயிரைக் காக்க முனைந்து கடலில் மாண்ட டென்மார்க் நாட்டவராகிய ஷ்மிட் என்பாரின் நினைவாக எழுந்தது அம்மண்டபம். அவரது ஈகையைப் போற்றுவோம். அத்தகைய ஈகை மற்றொருவரிடம் தேவைப்படாதவாறு நாம் நடந்துகொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

குழந்தைகளுடன் வருவோர், கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்க வேண்டிய இடத்தை முன்னரே குறித்துக்கொள்க. 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும், கலங்கரை விளக்கமும் தொலைவிலிருந்தே தெரிபவை. பெற்றோரின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் குழந்தையின் சட்டைப்பையில் வைப்பது எளிய, பெரிய பாதுகாப்பு. நீரோரத்தில் கணுக்கால் நனைய நிற்கும் குழந்தையின் கையை விடாதிருங்கள். கரை சரிவானது, ஒரே அலை காலடி மணலை அரித்து ஆளைச் சாய்த்துவிடும்.

சுண்டலும் மாங்காய்க் கீற்றும் உண்ணாமல் திரும்புவது கடற்கரை வழக்கமன்று. சூடாக அடுப்பிலிருந்து இறங்கியதை வாங்குங்கள். நெடுநேரம் நறுக்கி வைத்ததை விடுங்கள். தாளையும் கோப்பையையும் மணலில் எறியாதீர்கள். தை முதல் பங்குனி வரை இம்மணலில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட வருகின்றன. அவற்றைக் காண நேர்ந்தால் விளக்கை அணைத்து விலகி நில்லுங்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதை எவரும் மறந்திரார். கடல் வழக்கத்திற்கு மாறாகத் திடீரென உள்வாங்கினால், வேடிக்கை பார்க்க முன்செல்லாது, உடனே மேட்டு நிலத்தை நாடி விரைய வேண்டும்.

அன்பர்களே, கடலைக் கண்டு மகிழக் கரையே போதும். காலையில் வாருங்கள், அல்லது வெயில் தாழ்ந்தபின் வாருங்கள், மணலில் அமருங்கள், காற்றை நுகருங்கள். இன்று வந்தவர் அனைவரும் இரவு வண்டியில் ஒருவர் குறையாமல் ஊர் திரும்புவரேல், இச்சொற்களின் பயன் நிறைவேறியதாகும்.