கணனியின் உள்ளே ஒரு கணக்காய்வாளர்

"சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்." வங்கிக் கவுண்டர்களில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. நமது வியாபார நிலையத்திலேயே இந்த நிலை ஏற்படும்போது கணனி விற்றவரை அழைக்கிறோம். அவரும் பெரும்பாலும் "புதிய சேர்வர் போடுங்கள்" என்றே ஆலோசனை கூறுகிறார். பணம் செலவழித்துப் புதியதை வாங்கிய பின்னரும் தாமதம் தீராமல் போவதுண்டு. தாமதம் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்பதை எவரும் அளந்து பார்க்காததே இதற்குக் காரணம்.

அவ்வாறு அளப்பதற்கென இயங்குதளத்தின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் தடமறி கருவிகளைப் பற்றி இவ்வாரம் பார்ப்போம்.

கேர்னல் என்பது என்ன?

விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஒவ்வொரு இயங்குதளத்தின் நடுவிலும் கேர்னல் எனும் மையப் பகுதி இருக்கிறது. வன்தட்டிலிருந்து கோப்பை எடுப்பது, வலையமைப்பில் வரும் தகவலைப் பெறுவது, எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நேரம் செயலியைக் கொடுப்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. பெரிய கடையொன்றின் களஞ்சியப் பொறுப்பாளருக்கு இதனை ஒப்பிடலாம். எந்தச் சாமானும் அவர் கைபடாமல் வெளியே வராது. எனவே தாமதத்திற்கான காரணத்தை அறிய வேண்டுமாயின் அவரது வேலையைக் கவனிக்க வேண்டும்.

முன்னர் இதற்கு இருந்த வழி, கேர்னலின் நிரலில் சந்தேகமான இடங்களில் "இவ்விடத்தைக் கடந்தேன்" என அச்சிடும் வரிகளை எழுதிச் சேர்ப்பதாகும். அதன் பின்னர் கேர்னலை மீண்டும் தொகுத்து, கணனியை நிறுத்தி இயக்க வேண்டும். இரவு பகலாக இயங்கும் வங்கிச் சேர்வரை இப்படி நிறுத்த முடியுமா? நிறுத்தி இயக்கியதும் அந்தக் கோளாறே தற்காலிகமாக மறைந்துவிடுவதும் உண்டு.

சன் நிறுவனத்தின் அனுபவம்

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பெரிய சேர்வர் ஒன்று வேகப் பரீட்சைக்கு உட்படுத்தப்பட்டது. அது இடைக்கிடையே காரணமின்றி மந்தமானது. பொறியியலாளர்கள் நாட்கணக்கில் கேர்னலைத் துருவினர். இறுதியில், அக்கணனி வலையமைப்பின் ரவுட்டராகவும் செயற்படும்படி தவறுதலாக அமைக்கப்பட்டிருந்ததே காரணம் எனத் தெரியவந்தது. அதாவது, தனது வேலையோடு பிறரின் தபால்களையும் அது சுமந்து கொண்டிருந்தது!

இதில் பாடம் கற்ற பிரயன் கன்ட்ரில், தமது சகாக்களான மைக் ஷபிரோ, அடம் லெவந்தால் ஆகியோருடன் இணைந்து டீட்ரேஸ் எனும் கருவியை உருவாக்கினார். 2005இல் வெளியான சொலாரிஸ் 10 இயங்குதளத்துடன் இது பாவனைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணனியை நிறுத்தாமலேயே அதன் கேர்னலில் ஆயிரக்கணக்கான இடங்களைக் கண்காணிக்க இதனால் முடிந்தது. 2006இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையின் தொழில்நுட்பப் புத்தாக்க விருதும் இதற்குக் கிடைத்தது.

கண்காணிப்புக்கும் செலவு உண்டு

எந்தக் கண்காணிப்பும் இலவசமல்ல என்பதை வியாபாரிகள் நன்கறிவர். ஒவ்வொரு பொதியையும் பிரித்து எண்ணும்படி கட்டளையிட்டால் களவு குறையலாம், வியாபாரமும் சேர்ந்தே குறையும். கேர்னலிலும் இதே பிரச்சினைதான். அதில் பல்லாயிரம் செயற்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் "பதிவாளரை அழை" என்றொரு கட்டளையை வைத்தால், பதிவாளர் எதையும் எழுதாமல் திரும்பினாலும் அழைத்த நேரம் வீண்தானே?

லினக்ஸில் இதற்குத் தீர்வு கண்டது எஃப்ட்ரேஸ் எனும் ஏற்பாடு. அப்போது ரெட் ஹெட் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் ரொஸ்டெட் இதன் பிரதான ஆசிரியர். கண்காணிப்பு தேவைப்படாத வேளையில், அந்த அழைப்புக் கட்டளைகளை "எதுவும் செய்யாதே" எனும் வெற்றுக் கட்டளைகளாக மாற்றிவிடுவதே இவ்வேற்பாடு. தேவைப்படும்போது, வேண்டிய இடத்தில் மாத்திரம் மீண்டும் அழைப்பை இட்டுக் கொள்ளலாம். இதனால் சாதாரண வேளையில் செலவு ஏறக்குறைய இல்லை எனலாம்.

காவலரே உடைத்த கதை

ஆனால் இந்த நல்ல ஏற்பாடே 2008இல் பெரும் சேதத்தை ஏற்படுத்தியது. லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளைப் பாவித்தோரின் இன்டெல் வலையமைப்பு அட்டைகள் சில திடீரெனச் செயலிழந்தன. அட்டையின் நிரந்தர நினைவகமே சிதைந்திருந்தது. ஆரம்பத்தில் அட்டையின் இயக்கி மென்பொருள் மீதே சந்தேகம் விழுந்தது. உண்மையான குற்றவாளி எஃப்ட்ரேஸ் என்பது பின்னரே தெரியவந்தது.

நடந்தது இதுதான். கட்டளைகளை மாற்ற வேண்டிய முகவரிகளை எஃப்ட்ரேஸ் குறித்து வைத்துக்கொண்டு, சற்றுத் தாமதித்தே மாற்றியது. அந்த இடைவெளியில் சில முகவரிகளில் இருந்த நிரல் அகற்றப்பட்டு, அதே முகவரி வலையமைப்பு அட்டையின் நினைவகத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. பழைய முகவரிப் பட்டியலுடன் சென்று, வேறு ஒருவர் குடிவந்துவிட்ட வீட்டின் பூட்டை மாற்றியது போன்ற காரியம் இது.

2008 ஒக்டோபரில் வெளியான 2.6.27.1 பதிப்பில் இவ்வசதி முடக்கப்பட்டது. அடுத்த பதிப்பான 2.6.28இல், முகவரிகளைக் கேர்னல் தொகுக்கப்படும்போதே திரட்டும் பாதுகாப்பான முறை புகுத்தப்பட்டது. இன்டெல் அட்டையின் இயக்கியிலும் நினைவகத்திற்கு எழுத்துப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. தவறை மறைக்காமல், இரு தரப்பும் தத்தமது பக்கத்தைத் திருத்திக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

2014 முதல் லினக்ஸில் இடம்பெற்றுவரும் ஈ-பீபீஎஃப் எனும் ஏற்பாடு இன்னும் ஒருபடி மேலானது. கண்காணிப்புக்கென எழுதப்படும் சிறு நிரலை முதலில் பரிசோதித்து, ஆபத்தற்றது என உறுதியான பின்னரே கேர்னல் அதனைத் தன்னுள் இயங்க அனுமதிக்கிறது. கணக்காய்வாளரையும் வாசலில் சோதித்து உள்ளே விடுவது போன்றது இது.

நமக்குரிய பாடம்

லினக்ஸ் சேர்வர்களில் இக்கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸிலும் விண்டோஸ் 2000 காலந்தொட்டே இதுபோன்ற தடமறி வசதி உண்டு. எனவே அடுத்த முறை "புதிய சேர்வர் வாங்குங்கள்" என்று எவரேனும் கூறினால், கட்டளையிடுவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தாமதம் வன்தட்டிலா, வலையமைப்பிலா, மென்பொருளிலா? அதனை எந்தக் கருவியால் அளந்தீர்கள்? வேலை மும்முரமான நேரத்தில் அளந்தீர்களா, அல்லது கணனி சும்மா இருந்த நேரத்திலா?

இவற்றுக்குப் பதில் இல்லையெனில் காசோலையில் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம். சன் நிறுவனத்தின் அந்தப் பெரிய சேர்வருக்குத் தேவைப்பட்டது புதிய இயந்திரமல்ல, ஓர் அமைப்பை மாற்றுவது மாத்திரமே.