மாடி ஏறிய வயர்மேன்

நாங்கள் ஆதம்பாக்கத்துக்குக் குடிவந்தபோது அது ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. தெரு முழுக்கத் தனி வீடுகள். வயரிங் என்றால் சுவரிலேயே தெரியும். மர ரீப்பரின் மேல் கிளிப் அடித்து ஓடும் வயர், பலகையில் கறுப்பு டம்ளர் சுவிட்ச், வாசலருகே பீங்கான் ஃபியூஸ். வயர்மேன் சைக்கிளில் வருவார். பையில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஒரு சுருள் ஃபியூஸ் கம்பி. வயரைக் கண்ணாலேயே தொடர்ந்துபோய்க் கோளாறைப் பிடித்துவிடுவார்.

மாடிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அது கொத்தனார் பாடு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, மேலே தட்டோடு பதித்த மாடி. ஐப்பசி பிறப்பதற்குள் பிளீச்சிங் பவுடர் தூவி, துடைப்பத்தால் நாங்களே பாசியைத் தேய்த்துவிடுவோம்.

2011-ல் ஆதம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பிருந்தே தனி வீடுகள் இடிபட்டு ஃபிளாட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வயர் சுவருக்குள் போய்விட்டது. கூரைக்குக் கான்கிரீட் போடும்போதே கம்பிகளுக்கு நடுவில் பைப்பையும் ஃபேன் பாக்ஸையும் வைத்து மூடிவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே மயிரிழை வெடிப்பு விட்டால் மழைத்தண்ணீருக்கு அந்தப் பைப்பே வாய்க்கால்.

ஒரு கார்த்திகை மழையில் எங்கள் கூடத்து ஃபேன் கொக்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவிட்சைத் தொட்டால் விரல் சுரீர் என்றது. வந்த வயர்மேன் முதலில் மெயினை அணைத்தார். ஃபேன் கிண்ணத்தை இறக்கிப் பார்த்துவிட்டு, “வயரை மாத்தித் தரேன் சார். ஆனா அடுத்த மழைக்கு மறுபடி கூப்பிடுவீங்க. கோளாறு மாடியில இருக்கு” என்றார்.

அவர் ஐடிஐ போனவர் இல்லை. ஒரு கான்ட்ராக்டரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் கையாளாக இருந்து, மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வு எழுதித் தேறியவர். சான்றிதழைக் கண்ணாடித்தாள் போட்டுப் பையிலேயே வைத்திருக்கிறார். இப்படி எத்தனையோ ஃபேன் பாக்ஸ்களைத் திறந்து திறந்துதான் மாடி கழுவும் வேலையும் அவரிடம் வந்து சேர்ந்தது.

இப்போதுள்ள எங்கள் மாடியில் தட்டோடு கிடையாது, வெறும் சிமென்ட் பூச்சு. முன்பு ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார். ஆசிட் பாசியோடு சிமென்ட்டின் சுண்ணாம்பையும் தின்கிறது. அதில் உள்ள குளோரைடு வெடிப்பு வழியே இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருவேறும். துருவேறிய கம்பி பருத்து, காரையைப் பெயர்த்துத் தள்ளும். இவர் ஆசிட்டைத் தொடுவதில்லை. பிரஷர் வாஷர்தான்.

அந்த மெஷின் 2000 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் தாங்காது. எர்த்தைச் சோதித்துவிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி உள்ள பெட்டி வழியாகத்தான் இணைப்பு கொடுத்தார். இடையில் ஒட்டுப் போடாத ஒரே வயர். காலில் ரப்பர் பூட்ஸ். எங்கள் பக்கத்தில் மெஷினை வாடகைக்கு எடுத்து, டேப் சுற்றிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத்தரையில் இழுத்துக்கொண்டு கழுவும் பையன்களைப் பார்க்கிறேன். வயிற்றைக் கலக்குகிறது. கூலி நூறு இருநூறு குறைகிறது என்று அவர்களைக் கூப்பிடுவது நாம்தான்.

விசிறி போல் விரியும் நாஸிலை ஒரு முழம் தள்ளியே பிடித்தார். கிட்டே போனால் மேல்பூச்சு பிய்ந்து ஜல்லி தெரிந்துவிடுமாம். கறுத்த பாசி பட்டை பட்டையாகக் கழன்று ஓடியது. முடித்ததும் மெஷினை அணைத்துவிட்டு, தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார். வேலை முடிந்ததென்று நான் கீழே இறங்கப் போனேன்.

“இருங்க சார், இனிமேதான் பார்க்கணும்.”

வெயிலில் தரை வெளுத்துக்கொண்டே வந்தது. எல்லாம் காய்ந்த பிறகும் சில கோடுகள் மட்டும் ஈரமாக, கருப்பாக நின்றன. வெடிப்புகள். சாக்பீஸால் ஒவ்வொன்றின் மேலும் கோடு இழுத்துக்கொண்டே போனார். நீளமான ஒன்றின் முனையில் நின்று, கைப்பிடிச் சுவரிலிருந்து காலடி வைத்து எண்ணினார். நேர் கீழே எங்கள் கூடத்து ஃபேன்.