மலையேறும் மோட்டார் வீடு

அமெரிக்க நாட்டின் கொலறாடோ மாநிலத்திலே, டென்வர் நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு றொக்கி மலைத்தொடரைத் துளைத்துச் செல்லும் இடம் ஒன்றுண்டு. ஐசனோவர் சுரங்கம் என்பது அதன் பெயர். 1973 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அச்சுரங்கம் கடல்மட்டத்துக்கு மேல் 11,158 அடி உயரத்திலே அமைந்துள்ளது. இலங்கையின் அதியுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உச்சியிலும் பார்க்க அது ஏறக்குறைய 2,900 அடி உயரமானது. கோடை காலத்தில் அச்சுரங்கத்தை நோக்கி ஏறும் வாகன வரிசையின் வலப்புற ஓரத்திலே, பார வண்டிகளோடு பாரவண்டிகளாக, பழைய மோட்டார் வீடுகள் சிலவும் ஊர்ந்து செல்வதைக் காணலாம். அவற்றுள் ஒன்றிரண்டு தெருவோரத்தில் நின்றுவிடும். முகப்பிலிருந்து வெண்ணிற ஆவி எழும்பிக்கொண்டிருக்கும்.

மோட்டார் வீடு என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி ஆகிய யாவற்றையும் ஒருங்கே சுமந்து செல்லும் வாகனம். இளைப்பாறிய தம்பதியர் பலர் மாதக் கணக்கில் அதிலேயே குடியிருந்து நாட்டைச் சுற்றி வருவர். ஆகவே அதன் இயந்திரம் பழுதடைந்தால் கெட்டுப்போவது பயணம் மட்டுமன்று. அன்றிரவு படுக்கும் வீடே நடுத்தெருவில் நின்றுவிடுகிறது. புதிய வண்டிகளிலே கணினிகள் இயந்திரத்தைக் கண்காணிக்கின்றன. 1970களிலே செய்யப்பட்ட பெற்றோல் வண்டிகளுக்கோ அத்தகைய காவலன் இல்லை. சாரதியின் கண்ணும் காதும் மூக்குமே அங்கு காவலர்.

உதாரணமாக, ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை செய்து விற்ற ஜீ.எம்.சி. மோட்டார் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். 23 அடி, 26 அடி என இரு நீளங்களில் வந்த அவ்வண்டி, முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது. அக்காலத்தில் மோட்டார் வீடுகளுக்கு இது புதுமையான அமைப்பாகும். அதன் இயந்திரம் ஓல்ட்ஸ்மொபைல் காருக்கென ஆக்கப்பட்டது; எட்டு உருளைகளும் 455 கன அங்குலக் கொள்ளளவும் உடையது. 1977 முதல் 403 கன அங்குல இயந்திரம் அதன் இடத்தைப் பிடித்தது. ஏறக்குறைய 13,000 வண்டிகளே செய்யப்பட்டன. எனினும் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அவற்றைப் பேணி ஓட்டுவோர் பலர் உளர்.

கார் இயந்திரம் ஒன்று வீட்டை இழுக்கும்போது நேர்வது யாது? சமதரையிலே செல்லும் கார் தன் வலுவில் ஒரு சிறு பங்கையே பயன்படுத்துகிறது. எஞ்சிய நேரமெல்லாம் அதன் இயந்திரம் இளைப்பாறிக்கொண்டே ஓடுகிறது எனலாம். 12,000 இறாத்தல் நிறையுள்ள வண்டிக்கு அந்த இளைப்பாறல் கிடையாது. நூறு அடிக்கு ஏழடி உயரும் சரிவிலே மணிக்கு 30 மைல் வேகத்தில் அதனை ஏற்றுவதற்கு, உயர்த்தும் வேலைக்கு மாத்திரம் 67 பரிவலு வேண்டும். காற்றின் தடையும் சக்கரங்களின் உராய்வும் வேறு. பெற்றோலில் உள்ள சக்தியிலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேற, இன்னொரு பங்கை றேடியேற்றர் காற்றில் கலக்கவேண்டும். வேறு வகையாகச் சொன்னால், சக்கரங்களுக்குக் கிடைக்கும் வலுவுக்கு நிகரான வெப்பத்தை அந்தத் தகரப் பெட்டி நிமிடந்தோறும் வெளியேற்றியாகவேண்டும். வேகமோ குறைவு, ஆகையால் முன்னின்று வீசும் காற்றும் குறைவு.

உயரமும் தன் பங்குக்கு இடர் செய்கிறது. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் இயந்திரத்தின் வலு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று வீதம் குறையும். சுரங்க வாயிலை அடையும்போது மூன்றிலொரு பங்கு மறைந்துவிடும். திறந்த பாத்திரத்திலே தண்ணீர் அங்கு 212 பாகை பரனைற்றிலன்றி ஏறக்குறைய 191 பாகையிலேயே கொதிக்கும். றேடியேற்றரின் மூடி ஓர் அமுக்க மூடியாக இருப்பது இதனாலேயே. சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் கூடினால் கொதிநிலை மூன்று பாகை வரை உயரும். மூடியின் இறப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இந்த நன்மை முழுவதும் இழக்கப்படுகிறது. சில டொலர் விலையுள்ள மூடியைப் புறக்கணித்து, புதிய றேடியேற்றருக்கு ஆயிரக் கணக்கில் செலவிட்டோர் உண்டு.

அக்கால வண்டிகள் பலவற்றில் வெப்பத்தையும் மசகெண்ணெய் அமுக்கத்தையும் அறிவிக்க ஒரு சிறு சிவப்பு விளக்கே வைக்கப்பட்டிருந்தது. விளக்கு எரியும்போது தீங்கு பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்திருக்கும். ஆகவே அநுபவமுள்ளோர் முதலில் செய்யும் வேலை முள்ளுடைய மானிகளைப் பூட்டுவதாகும். நீரின் வெப்பத்துக்கு ஒன்று, எண்ணெயின் அமுக்கத்துக்கு ஒன்று, உள்ளிழு குழாயின் வெற்றிடத்துக்கு ஒன்று, இம்மூன்றும் இன்றியமையாதவை. தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் வெப்பத்துக்கு நான்காவது மானி ஒன்று இருப்பின் மிக நன்று. ஏனெனில் அந்த எண்ணெயும் றேடியேற்றரின் உள்ளேயே குளிர்விக்கப்படுவதால், கியர்ப்பெட்டியின் சூடு இயந்திரத்தின் சூட்டோடு சேர்ந்துவிடும்.

வெப்பமானியைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். அதன் உணர்முனை நீரில் மூழ்கியிருக்கும்போதே உண்மை கூறும். குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், முனை வெறுங் காற்றிலே நிற்க, மானி குறைந்த வெப்பத்தைக் காட்டவும் கூடும். உயர்ந்து நின்ற முள் மலையின் நடுவிலே திடீரென வீழ்ந்தால் சாரதி மகிழ்தல் ஆகாது. உடனே ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தல் வேண்டும்.

எண்ணெய் அமுக்கத்துக்குப் பழைய இயந்திரத் தொழிலாளர் ஓர் இலகுவான கணக்கு வைத்திருந்தனர். இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுழலும்போது 10 இறாத்தல், இரண்டாயிரத்தில் 20 இறாத்தல் என்பதே அது. சூடேறிய நிலையிலே இவ்வளவு இருந்தால் போதும். ஆயினும் எண்ணைவிட மாற்றமே முக்கியமானது. சென்ற மாதம் இதே சரிவில் 40 காட்டிய முள் இன்று 28 காட்டுமாயின், அதற்கொரு காரணம் இருந்தே தீரும்.

அக்காரணங்களுள் ஒன்று விசித்திரமானது. 1960களிலும் 1970களிலும் ஜெனரல் மோட்டோர்ஸ் இயந்திரங்கள் பலவற்றிலே, வால்வுகளை இயக்கும் தண்டின் சங்கிலிச் சக்கரத்துக்கு நைலோன் பற்கள் பொருத்தப்பட்டன. சங்கிலியின் ஓசையைக் குறைப்பதே நோக்கம். புதிய காரில் அது நன்மையாகவே இருந்தது. ஆண்டுகள் பல சூட்டிலும் எண்ணெயிலும் ஊறியபின் அப்பற்கள் வெடித்து உதிரத் தொடங்கின. உதிர்ந்த துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் வீழ்ந்து, பம்பி எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைத்தன. சங்கிலி தளர்ந்து நழுவினால் வண்டி நிற்கும், அவ்வளவே. வலை அடைபட்டாலோ எண்ணெயின்றி இயந்திரமே அழியும். ஆகையால் இத்தகைய வண்டியைப் புதிதாக வாங்குவோர், முன்னிருந்தவர் உலோகப் பற்சக்கரம் மாற்றியதற்குச் சான்று கேட்பது நன்று. சான்று இல்லையேல் மாற்றப்படவில்லை என்று கொள்வதே நலம்.

எந்த எண்ணெய் இடுவது என்பதும் ஆராயத்தக்கது. இப்பழைய இயந்திரங்களில் தண்டின் மேடும் அதனைத் தொடும் தட்டையான உலோகக் குமிழும் ஒன்றோடொன்று உராய்ந்தே வேலை செய்கின்றன. இவ்வுராய்வைத் தாங்கும் பொருட்டு எண்ணெயில் நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு கலவை சேர்க்கப்பட்டு வந்தது. புகையைச் சுத்திகரிக்கும் நவீன கருவிகளை அது கெடுப்பதால், 2004 ஆம் ஆண்டளவில் வந்த விதிகள் சாதாரண கார் எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்தன. புதிய கார்களுக்கு அதனால் குறையில்லை. பழைய இயந்திரத்துக்கோ அக்கலவை கூடுதலாக உள்ள எண்ணெயைத் தேடி வாங்குவதே பொருத்தம்.

வெற்றிடமானியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மூன்றினுள்ளும் அதிகம் பேசுவது அதுவே. கடல்மட்டத்தில் ஆறுதலாக ஓடும் நல்ல இயந்திரம் 17 முதல் 21 அங்குல இரசம் வரை காட்டி அசையாது நிற்கும். முள் ஒழுங்கான இடைவெளியில் துடித்தால் ஏதோவொரு வால்வு சரியாக மூடவில்லை என ஐயுறலாம். துடிப்பின்றித் தாழ்ந்து நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது தீப்பொறி தாமதமாகப் பிறக்கிறது. உயரம் ஏறும்போது ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் முள் தானாகவே தாழும். இதனை அறியாத புதியவர், 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரில் முள் 13 இல் நிற்பதைக் கண்டு, இயந்திரம் கெட்டுவிட்டதெனக் கலங்குவதுண்டு. மலையேறுகையில் முள் ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே போனால், காபுரேற்றர் பெற்றோலை மிகையாக ஊற்றுகிறது என்பது பொருள். அப்போது காலைச் சற்றே தளர்த்தினால் வேகம் சிறிதளவே குறையும். செலவும் சூடும் பெரிதும் குறையும். ஒரு கலனுக்கு எட்டு அல்லது பத்து மைல் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது சிறிய லாபமன்று.

பாலைவனத்துப் பயணத்தின் இடர் வேறு வகையானது. கலிபோர்ணியாவிலுள்ள மரணப் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலும் 282 அடி தாழ்ந்தது. 1913 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 134 பாகை பரனைற் வெப்பம் அங்கு பதிவாயிற்று. பள்ளத்தாக்கின் மேற்கே ரவுண் கணவாய்க்குச் செல்லும் தெரு, ஏறக்குறைய 5,000 அடி உயரத்துக்கு ஏறுகிறது. சூட்டைத் தவிர்க்கக் குளிரூட்டியை நிறுத்துமாறு கூறும் பலகைகள் அப்பகுதி மலைத் தெருக்களிலே நாட்டப்பட்டுள்ளன. இங்கு சாரதியை முதலில் வருத்துவது நீர் கொதித்தல் அன்று, பெற்றோல் கொதித்தலே. தொட்டியிலிருந்து இயந்திரத்தின் பக்கத்திலுள்ள பம்பி வரை நீண்டு வரும் குழாயில் பெற்றோல் ஆவியாகிவிடும். பம்பி திரவத்தைத் தள்ளவல்லது, ஆவியைத் தள்ள இயலாதது. இயந்திரம் இருமித் தடுமாறி நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறினால் மீண்டும் ஓடும். எதனோல் கலந்த பெற்றோலிலே இத்தொல்லை அதிகம். தொட்டியின் அருகிலே மின்பம்பியொன்றைப் பூட்டி, பெற்றோலை உறிஞ்சாது பின்னிருந்து தள்ளச் செய்வதே நிலையான பரிகாரம்.

எதனோலின் மற்றைய தீமை உயிரோடு தொடர்புடையது. 1970களின் இறப்பர்க் குழாய்கள் அதற்கென ஆக்கப்பட்டவையல்ல. அவை உட்புறமாக மென்மையாகி, வெளிப்புறம் வெடித்துக் கசியும். மோட்டார் வீடுகள் பலவற்றில் இயந்திரம் இருப்பது சாரதியின் காலடியிலே, ஒரு மூடிக்குக் கீழே. மலையேற்றத்தால் செங்கனலாகச் சிவந்த புகைக்குழாயின் மேல் பெற்றோல் சொட்டினால், மரமும் நுரைமெத்தையும் நிறைந்த அவ்வீட்டை விட்டு வெளியேறச் சில நிமிடங்களே கிடைக்கும். எனவே வண்டியில் பெற்றோல் மணம் வீசினால், அது பழைய வண்டியின் இயல்பு என்று தள்ளிவிடலாகாது. தொட்டி முதல் காபுரேற்றர் வரையுள்ள குழாய் அனைத்தையும் எதனோலைத் தாங்கும் புதிய குழாயாக மாற்றுவதற்கு ஒருநாள் வேலையும் சொற்ப பணமுமே தேவை. மற்றெந்தத் திருத்தத்துக்கும் முன்னதாக இதுவே செய்யப்படவேண்டும். தீயணைக்கும் கருவி சாரதியின் இருக்கைக்கும் கதவுக்கும் இடையே, கைக்கெட்டுமாறு இருக்கவேண்டும். பின்புற அலுமாரியில் இருப்பதால் பயனில்லை.

ஏற்றத்திலே முள் உயரத் தொடங்கினால் செய்யத்தக்கவை சில உண்டு. கியரைக் குறைத்து, வண்டியின் வேகத்தைக் குறைத்து, இயந்திரத்தைச் சற்று விரைவாகச் சுழலவிட்டால், நீர்ப் பம்பியும் விசிறியும் விரைந்து வேலை செய்யும். குளிரூட்டியை நிறுத்தி, வண்டியின் உள்ளே சூடேற்றும் கருவியைத் திறந்துவிட்டால் அதுவும் ஒரு சிறு றேடியேற்றராக உதவும். பயணிகள் வியர்ப்பர், இயந்திரம் பிழைக்கும். இவ்வேளையில் விசிறியின் முழக்கத்துக்குக் காது கொடுக்கவேண்டும். அதனைப் பிணைக்கும் பொறி, சூடேறியதும் தானாகவே இறுகி விசிறியை முழு வேகத்தில் சுழற்றும். அந்த இரைச்சல் நல்ல சகுனம். மலையின் நடுவிலும் அது கேளாதிருப்பின் அப்பொறி பழுதென்று கொள்ளலாம். நிறுத்த நேர்ந்தால், நீர் ஒழுகாதவிடத்து, இயந்திரத்தை உடனே அணைக்காது சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுதல் நன்று. மூடியைத் திறப்பதோ முற்றாக ஆறிய பின்னரே; அவசரப்பட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டோர் அநேகர்.

முன்னாயத்தமும் உண்டு. பயணம் தொடங்குமுன் எட்டுப் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வோர் உருளையின் கதையும் தெரியும். இளங்கபில நிறம் நலத்தைக் குறிக்கும். கரி படிந்தால் பெற்றோல் மிகை, வெண்ணிறமாய்க் கொப்புளித்தால் கடுஞ்சூடு, ஈரமாய் இருந்தால் எண்ணெய்க் கசிவு. அவ்வேளையிலேயே உருளைகளின் அமுக்கத்தையும் அளந்துவிடலாம். மிகக் குறைந்தது மிகக் கூடியதின் முக்காற் பங்குக்குக் கீழே இருத்தலாகாது. மாற்றிய எண்ணெயில் சிறிதளவை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அதில் கரைந்துள்ள இரும்பு, செம்பு, ஈயம் ஆகியவற்றின் அளவுகளைக் கணித்து அனுப்புவர். செம்பும் ஈயமும் கூடுதல் தாங்கிகளின் தேய்வைக் காட்டும். சோடியம் கூடுதல் குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலப்பதைக் காட்டக்கூடும்.

இவையெல்லாம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டாலன்றிப் பயன் தரா. பெற்றோல் நிரப்புந்தோறும் ஓடிய மைல், ஊற்றிய எண்ணெய், அன்றைய மலையில் கண்ட உச்ச வெப்பம் ஆகியன இரண்டு வரியில் எழுதப்படலாம். பின்னர், இரவு தங்கிய இடத்தில், காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே நீர்மட்டம் பார்க்கப்படவேண்டும். நிலத்தில் ஒரு துளியும் இல்லாதிருக்க, நீர் மட்டும் நாள்தோறும் குறைந்துவருமாயின், அது இயந்திரத்தின் உள்ளேயே போகிறது. புகைக்குழாயிலிருந்து இனிப்பு மணத்துடன் வெண்புகை ஓயாது வருவதும், எண்ணெய் அளக்கும் கோலில் பால் போன்ற நிறம் தோன்றுவதும் அதனை உறுதிப்படுத்தும். உருளைத் தலைக்குக் கீழுள்ள கேஸ்கெற் எரிந்துபோயிருக்கும், அல்லது தலையே வெடித்திருக்கும். தண்ணீரை ஊற்றி ஊற்றி அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் எழும். நீர் கலந்த எண்ணெய் தாங்கிகளை அரிக்கச் சில நூறு மைல்களே போதும். அன்று இழுவை வண்டியை அழைப்பவர் ஒரு கேஸ்கெற்றுக்கான செலவோடு தப்புவார். அடுத்த மலையையும் ஏறிப் பார்ப்பவர் புதிய இயந்திரத்தின் விலையைச் செலுத்துவார்.